ஏட்டில் இல்லாத அறை

மக்கள் உறையும் இடத்திற்குத் தமிழில் வழங்கும் பெயர்கள் பல. மனை என்பர், அகம் என்பர், இல் என்பர், வீடு என்பர். இவற்றுள் இல் என்னுஞ் சொல் உறையுளையுங் குறிக்கும், இன்மையையுங் குறிக்கும். வீடு என்பதோ விடு என்னும் அடியாகப் பிறந்தது. வகுப்பில் இவற்றைக் கேட்டபொழுது, சொல்லாராய்வார்க்கு உரிய நயங்கள் இவை என்று எண்ணி அமைந்தோம். சென்ற ஆண்டில் எம் தாய்மாமன் தம் வீட்டை விற்கப் புகுந்தார். அப்பொழுதுதான், செங்கல்லால் எழுந்து கண்முன் நின்றும் ஏட்டில் இல்லாத அறை ஒன்று உலகில் இருத்தல் கூடும் என்பதை அறிந்தோம்.

எம் மாமன் காஞ்சிமாநகரில், கைலாசநாதர் கோயிலை அடுத்த பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்பவர். அப்பகுதியின் பழைய நெசவாளர் வீடுகளைக் கண்டவர்க்கு அவற்றின் இயல்பு தெரியும். முகப்புக் குறுகி, உட்புறம் நீண்டு, இருமருங்கும் அயல்வீட்டுச் சுவரை ஒட்டி நிற்பன அவை. முன்னே திண்ணை, உள்ளே தறி. குழித்தறிக்கு நிலத்திற் பள்ளம் வேண்டும். அதன்மேல் ஜக்கார்டு ஏற்றினால் கூரையில் உயரமும் வேண்டும். உடலும் கரையும் வேறு வேறு நிறமாகிய கோர்வைச் சேலையை நெய்ய, ஒரு தறியில் இருவர் அமர்தல் வழக்கம். ஆதலின் வீட்டின் நல்ல பகுதியைத் தறி கொள்ள, எஞ்சிய பகுதியில் மக்கள் ஒடுங்குவர். பிள்ளைகள் வளர்ந்து மணம் முடித்தால், பக்கத்தே விரிய இடமின்மையின் மேலே ஏறுவதே வழியாகின்றது.

எம் மாமனும் அவ்வழியே சென்றார். 2011 ஆம் ஆண்டில் மூத்த மகனுக்கு மணம் நிகழ்ந்தபொழுது, பின்கட்டின் தளத்தின்மேல் ஓர் அறையும் அதற்கொரு படியும் கட்டினார். கொத்தனார் நூல் பிடித்தார். மாமன் பணம் கொடுத்தார். வரைபடம் எழுதுவித்து நகராட்சியில் அனுமதி பெறவேண்டும் என்னும் நினைவு இருவருக்கும் எழவில்லை. பின்னாளில் அவ்வறைக்கும் சேர்த்து வரி விதிக்கப்பட்டது. அவரும் தவறாது செலுத்தி வந்தார். வரி கட்டிய ரசீதுகளை ஒரு தகரப் பெட்டியில் அடுக்கி வைத்து, அவையே அனுமதி என்று நம்பியிருந்தார். வரி பெற்றமையால் மட்டும் கட்டடம் அனுமதி பெற்றதாகிவிடாது என்பதை அவருக்கு எடுத்துரைத்தார் எவருமிலர்.

சென்ற ஆண்டு இளைய மகளுக்கு மணம் உறுதியாயிற்று. பாவும் ஜரிகையும் வாங்கிய வகையில் ஏறிய கடனும் இருந்தது. வீட்டை விற்றுக் கடன் தீர்த்து, மகள் மணத்தை முடித்து, பின்னர் ஒரு தறியோடு வாடகை வீட்டில் இருப்பது என்று மாமனும் அத்தையும் துணிந்தனர். "தமிழ் படிக்கிற பிள்ளை, வந்து பத்திரத்தைப் படித்துச் சொல்லட்டும்" என்று எமக்குச் செய்தி வந்தது.

பழைய கிரயப் பத்திரத்தின் தமிழ் தனித்ததொரு தமிழ். "புத்திர பௌத்திர பாரம்பரியமாய்" என்றும் "தானாதி விநிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய்" என்றும் அது ஓடும். அத்தொடர்களைப் பிரித்துப் பொருள் கூறுவதில் எமக்கொரு மகிழ்ச்சி இருந்தது. நான்கெல்லை சொல்லி, முன்கட்டு ஓட்டு வீடு என்றும், பின்கட்டுத் தளம் என்றும், கிணறு, கதவு, நிலை முதலியன என்றும் பத்திரம் ஒவ்வொன்றாய் எண்ணிச் சென்றது. தளத்தோடு அது முடிந்துவிட்டது. பெட்டியில் இருந்த பழைய அனுமதி வரைபடமும் அவ்வளவே காட்டிற்று. மேலறை எங்கும் இல்லை.

முதலில் வாங்க வந்தவர் வங்கிக் கடனை நம்பி வந்தவர். வங்கியின் மதிப்பீட்டாளர் வரைபடத்தை ஒரு கையிற் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றினார், படியருகே நின்றார், மேலே ஏறிப் பார்த்து இறங்கினார். பத்து நாளிற் கடன் மறுக்கப்பட்டது. மீரத் நகரத்துக் கட்டடம் ஒன்றைப் பற்றிய வழக்கில், 2024 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், கட்டடத்தை ஈடாகக் கொண்டு கடன் தருமுன் அதன் நிறைவுச் சான்றை வங்கிகள் சரிபார்த்தல் வேண்டும் என்று ஆணையிட்டிருக்கின்றது. அத்தீர்ப்பின் பின்னர் வங்கிகள் மேலும் விழிப்பாயிருத்தல் இயல்பே. வந்தவர் முன்பணத்தைத் திரும்பப் பெற்றுச் சென்றார்.

அபராதம் செலுத்தியேனும் அறையை முறைப்படுத்த வழியுண்டோ என்று தேடினோம். 1971 ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-சி என்னும் பிரிவு உண்டு. 2007 ஜூலை முதல் நாளிலோ அதற்கு முன்போ எழுந்த கட்டடங்களுக்கே அது விலக்களிக்க இடந்தருவது. மாமனின் அறை அந்நாளுக்கு நான்காண்டு பிந்தியது. மற்றொரு தடையும் இருந்தது. கைலாசநாதர் கோயில் நடுவண் அரசின் தொல்லியல் துறை காக்கும் சின்னம். 2010 ஆம் ஆண்டில் திருத்தப்பெற்ற நினைவுச் சின்னச் சட்டத்தின்படி, அத்தகைய சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் எழுப்பலாகாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை கட்டுவதற்கும் முன் அனுமதி வேண்டும். மாமன் வீடு இவ்விரண்டாம் வட்டத்துள் அடங்கியது. முன்னரே விண்ணப்பித்திருந்தால் அனுமதி கிடைத்திருத்தலுங் கூடும்.

இராசசிம்மப் பல்லவன் அக்கோயிலை எழுப்பி ஏறத்தாழ 1300 ஆண்டுகள் ஆகின்றன. அவன் கற்றளி எடுத்த காலத்தில், திருநின்றவூரில் பூசலார் என்னும் அடியார் பொருளின்றி மனத்திலேயே ஒரு கோயில் கட்டி முடித்தார் என்று வழங்கும் கதையை நண்பர்கள் அறிவர். கல்லும் மண்ணும் இன்றியே ஒரு கோயில் அங்கு உண்டாயிற்று. கல்லும் மண்ணும் இருந்தும் மாமனின் அறை இல்லாததாய் நின்றது.

இரண்டாவதாக வந்தவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. கணவரை இழந்தவர். பணி ஓய்வில் வந்த தொகை முழுவதையும் இவ்வீட்டில் இட்டு, கீழே தாமும் மேலே தங்கையும் வாழ எண்ணினார். வங்கிக் கடன் வேண்டாதவராதலின் மதிப்பீட்டாளர் வரப்போவதில்லை. மேலறையின் சாளரத்திற் கோபுரம் தெரிவது கண்டு பெரிதும் மகிழ்ந்தார். விலையிலும் மிகுதியாய்ப் பேரம் செய்யவில்லை.

அவர் சென்றபின் தரகர் எம்மை நோக்கி, "தம்பி, கேட்டால் சொல்லலாம், கேளாததை நாமே எதற்குச் சொல்வது? இந்தத் தெருவில் யார்தான் மேலே கட்டவில்லை?" என்றார். மாமன் தலை குனிந்து, "என் நிலத்தில் என் காசில் கட்டினேன். யார் பொருளை எடுத்தேன்?" என்றார். அவ்வினாவில் நியாயமே இல்லை என்று கூற எமக்கு மனம் வரவில்லை. மகளின் மணநாள் குறித்தாகிவிட்டது. கடன் கொடுத்தவர் வாரந்தோறும் வந்து திண்ணையில் அமர்ந்திருந்தார். இவ்விடத்தில் பேசாதிருந்தாலே போதும். பொய் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

ஆயினும் சட்டம் பேசாதிருத்தலையும் எண்ணிப் பார்த்திருக்கின்றது. 1882 ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், 55 ஆம் பிரிவில், விற்பவர் தாம் அறிந்ததும், வாங்குபவர் இயல்பான கவனத்தால் அறியவொண்ணாததுமாகிய முக்கியக் குறையைத் தாமே வெளியிடல் வேண்டும் என்கின்றது. வெளியிடாது விடுதல் மோசடியாம் என்றும் அப்பிரிவே கூறுகின்றது. இதனை யாம் படித்துக் காட்டியபொழுது தரகர், "அறை கண்ணுக்குத் தெரிகிறதே, மறைத்தது என்ன?" என்றார். அறை தெரிகின்றது, அதற்கு அனுமதி இல்லாமை தெரியவில்லை என்றோம்.

அதுவரை வாய் திறவாதிருந்த அத்தை, தறியில் இழை முடிந்துகொண்டே சொன்னார்: "முப்பது வருடம் சேலை நெய்து கொடுத்தோம். நெசவில் குற்றம் விழுந்தால் மடிப்புக்குள் வைத்துக் கொடுத்ததுண்டா? கூலி குறைந்தாலும் விரித்துக் காட்டித்தானே கொடுத்தோம். அந்த அம்மாவுக்கு நாளைக்கு நோட்டீசு வந்தால் நம்மைத்தானே நினைப்பார்கள்?" மாமன் மறுமொழி கூறவில்லை. மறுநாட் காலையில் மேற்சட்டை அணிந்துகொண்டு எம்மையும் உடனழைத்து அவ்வாசிரியையின் வீட்டிற்குச் சென்றார்.

அவர் முழுவதும் கேட்டார். வரைபடத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார். "யோசித்துச் சொல்கிறேன்" என்றார். ஐந்து நாள் செய்தி இல்லை. அவ்வைந்து நாளில் மாமன் மெலிந்துபோனார் என்றே கூறலாம். ஆறாம் நாள் அவர் தம் தமையனாருடன் வந்தார். அனுமதியில்லாத அறை தமக்கு வேண்டாம் என்றும், அதை நீக்கிக் கொடுப்பதாயின் கீழ்வீட்டை மட்டும் அதற்குரிய விலைக்கு வாங்கிக்கொள்வதாகவும் கூறினார். விலையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. மாமன் இசைந்தார்.

அறையைக் கழற்ற நான்கு நாள் ஆயிற்று. மூத்த மகனே முதற் செங்கல்லைப் பெயர்த்தார். அயல்வீட்டார் பொதுச்சுவரைப் பார்த்துவிட்டு, மேலறையின் பாரத்தால் தம் பக்கம் கோடுவிட்டிருந்த இடத்தை அப்பொழுதுதான் காட்டினர். இத்தனை நாளும் உறவு கருதி வாய்பேசாதிருந்தனராம். அனுமதி என்பது அரசுக்கும் நமக்கும் இடையே உள்ள தாள் என்றே அதுகாறும் எண்ணியிருந்தோம். பக்கத்துச் சுவருக்குப் பின்னே உறங்குபவரும் அதில் ஒரு தரப்பினர் என்பது அவ்விரிசலைக் கண்டபின் விளங்கிற்று.

பத்திரம் பதிவாயிற்று. கடனில் ஒரு பகுதி இன்னும் நிற்கின்றது. மணம் ஒரு சிறிய கூடத்தில், அத்தையே நெய்த சேலையோடு நடந்தேறியது. மாமன் குடியிருக்கும் வாடகை வீட்டில் தறிக்கு இடமிருக்கின்றது. மழைக்காலத்திற் பள்ளத்தில் ஈரம் ஏறுகின்றது என்று குறைபடுகின்றார். அவ்வாசிரியை தீபாவளிக்குப் பலகாரம் கொடுத்தனுப்பினார்.

எளியோர் அனுமதி பெறாமைக்கு அவர்களை மட்டும் குறைகூறல் தகாது. விதிகளின் மொழி அவர்க்கு எட்டாத மொழி. வரைபடம் எழுதுவிக்கும் செலவும், அலுவலகத்தில் நிற்கும் நாளும் ஒரு சேலையின் கூலியை விழுங்கிவிடும். 2024 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு, 2500 சதுர அடிக்கு மிகாத மனையில் 3500 சதுர அடிக்கு மிகாத வீடு கட்டுவோர் தற்சான்று அளித்து இணையவழி உடனே அனுமதி பெறும் முறையைக் கொண்டுவந்தது. இத்தகைய வழி உண்டென்பதை நெசவுத் தெருக்களில் எத்துணைப் பேர் அறிவர்? அறிந்தவர் அறியாதவர்க்கு உரைத்தல் கடன்.

கல்லூரி நண்பர்காள்! வரும் விடுமுறையில் ஊர் செல்லுங்கால் ஒரு பிற்பகலை நும் வீட்டுப் பெட்டியைத் திறப்பதற்கு ஒதுக்குங்கள். பத்திரத்தையும் வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு வீட்டை ஒருமுறை சுற்றி வாருங்கள். தாளில் இல்லாத சுவர் ஒன்று எதிர்ப்பட்டால், விற்கும் நாள் வரட்டும் என்று காத்திராது, பெற்றோருடன் அமர்ந்து இப்பொழுதே பேசுங்கள். கட்ட எண்ணியிருக்கும் பெற்றோராயின், கொத்தனார் நூல் பிடிக்குமுன் விண்ணப்பத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள். கற்ற தமிழ் அவ்வளவிற்கேனும் வீட்டிற்குப் பயன்படட்டும்.