குதிரைக் குளம்படியில் ஓர் எழுத்து

நகைக்கடையில் பழைய பவுன் காசை நீட்டினால் உரசிப் பார்ப்பார்கள், தராசில் வைப்பார்கள், அன்றைய ரேட்டைச் சொல்வார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. எத்தனை வீடுகளில் காசுமாலையிலும் முடிச்சுத் துணியிலும் இருந்த பிரிட்டிஷ் சவரன்கள் இப்படியே உருகிப் போயிருக்கும் என்று நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

எங்கள் வீட்டுக் காசுகள் தாத்தா ரங்கூனிலிருந்து கொண்டுவந்தவை. அப்பத்தா காலமான பிறகு, அவற்றை உருக்கித் தங்கச்சி மகளுக்கு வளையல் செய்யலாம் என்று பேச்சு வந்தது. "கொஞ்சம் பொறுங்கம்மா, என்னன்னு பாத்துட்டுக் கொடுப்போம்" என்றேன். நாணயம் சேகரிக்கும் நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். அவரிடமிருந்து கற்றதுதான் இது.

முதலில் எடை. முழுச் சவரன் 7.988 கிராம், குறுக்களவு 22 மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதல். பன்னிரண்டில் பதினொரு பங்கு தங்கம், அதாவது 7.32 கிராம் சுத்தத் தங்கம். கழுத்தில் தேய்ந்த காசு கொஞ்சம் குறையலாம். எடை சரியாக இருந்தும் தடிமன் அதிகமென்றால் சந்தேகப்பட வேண்டும். தங்கத்தின் கனம் மட்டமான உலோகத்துக்கு வராது.

அடுத்து தலை. முக்காடிட்ட விக்டோரியா 1893 முதல் 1901 வரை. வலப்பக்கம் பார்ப்பவர் ஏழாம் எட்வர்ட், இடப்பக்கம் பார்ப்பவர் ஐந்தாம் ஜார்ஜ். பின்பக்கம் குதிரைமேல் இருந்து டிராகனைக் கொல்பவர் செயின்ட் ஜார்ஜ். பிஸ்ட்ரூச்சி என்ற இத்தாலியச் சிற்பி செதுக்கிய அந்த உருவம் 1817இல் காசில் ஏறியது.

விஷயம் அந்தக் குதிரைக்குக் கீழேதான் இருக்கிறது. எங்களிடம் இருந்த காலத்துக் காசுகளில், வருடத்துக்கு மேலே தரைக்கோட்டின் நடுவில் கடுகைவிடச் சிறியதாக ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். எம் என்றால் மெல்போர்ன், எஸ் சிட்னி, பி பெர்த். எழுத்தே இல்லையென்றால் லண்டன். ஆஸ்திரேலியத் தங்கம் அங்கேயே காசாகி, கப்பல் கப்பலாக இந்தியாவுக்கு வந்த காலம் அது. 1899 சட்டப்படி அப்போது இங்கே ஒரு சவரன் பதினைந்து ரூபாய்க்குச் செல்லுபடியானது.

லென்ஸோடு வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்தோம். 1917 என்று ஒன்றைக் கண்டதும் நண்பர் நிமிர்ந்தார். அந்த வருடத்து லண்டன் காசு அபூர்வம். அதனாலேயே போலியும் நிறைய. திருப்பித் திருப்பிப் பார்த்தோம். கோட்டின்மேல் பி தெளிவாகத் தெரிந்தது. பெர்த் காசு தாராளமாகக் கிடைப்பது, தங்க விலையை ஒட்டித்தான் போகும். ஒரே வருடம், ஒரே எடை; ஓர் எழுத்து இருப்பதும் இல்லாததும் இவ்வளவு வித்தியாசம் செய்கிறது.

இன்னொன்றில் 1918, அதன்மேல் ஐ. பம்பாய்! முதல் உலகப் போர்க்காலத்தில் ராயல் மின்ட் அங்கே ஒரு கிளை திறந்தது. 1918 என்ற தேதியோடு ஏறத்தாழ 13 லட்சம் சவரன்கள் அடித்ததோடு அது முடிந்துபோனது. பெரிய பணம் தரும் காசு இல்லை, சேகரிப்பவர்கள் தங்க விலைக்குமேல் சற்றுக் கூடக் கொடுப்பார்கள். ஆனாலும் அதைக் கையில் வைத்திருந்தபோது எனக்குச் சிலிர்த்தது.

அம்மா பூந்திக்கொட்டை ஊறவைத்திருந்தார். "தேய்க்காதீங்கம்மா, மேல்மினுக்கு போச்சுன்னா மதிப்பும் போச்சு" என்று நண்பர் தடுத்தார். வளையம் பற்றவைத்த காசுகளுக்கு அந்தக் கூடுதல் மதிப்பு ஏற்கெனவே போய்விட்டது. வளையத்தைக் கழற்றி ராவினால் இன்னும் கெடும் என்றார்.

வளையம் வைத்தவற்றைத்தான் வளையலுக்குக் கொடுத்தோம். அதில் எனக்கு வருத்தமில்லை. மீதியைத் தனித்தனி உறையில் போட்டு, வருடம், எழுத்து, எடை, யாருக்கு எது என்பதை அம்மாவே எழுதிவைத்தார். பம்பாய்க் காசைத் தங்கச்சி கேட்டு வாங்கிக்கொண்டாள்.