கொடி யாருடையது?

கொடி என்றதும் அரசியல் கட்டுரையோ என்று நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கம்பைலருக்கு நாம் கொடுக்கும் ஃபிளாக்குகளைத்தான் சொல்கிறேன். ஒரு தம்பிக்கு நான் இழைத்த அநியாயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் துறை நூலகத்துக்குப் புத்தகக் கணக்கு வைக்க சி மொழியில் ஒரு புரோகிராம் எழுதினேன். உடன் ஒரு மேக்ஃபைலும் வைத்தேன். மேக் என்பது 1976இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் உருவாக்கிய கருவி. மாறிய கோப்பை மட்டும் மறுபடி கம்பைல் செய்யும் சிக்கனக்காரன். அதில் சிஃபிளாக்ஸ் என்றொரு மாறி உண்டு. வேகத்துக்கான மைனஸ் ஓ2, ஹெடர் கோப்புகள் எந்த டைரக்டரியில் உள்ளன என்று காட்டும் மைனஸ் ஐ, இரண்டையும் அதற்குள்ளேயே திணித்தேன். விடுதிக்குப் புறப்படுபவன் வேட்டியையும் ஊறுகாயையும் ஒரே பையில் அடைப்பதில்லையா, அப்படி!

இரண்டாமாண்டுத் தம்பி ஒருவன் அபராதத் தொகை தவறாக வருவதைக் கண்டான். டீபக்கரில் வரிவரியாகப் பார்க்க எண்ணி, கட்டளை வரியிலேயே சிஃபிளாக்ஸுக்கு மைனஸ் ஜி, மைனஸ் ஓ0 என்று கொடுத்து மேக்கை ஓட்டினான். ஹெடர் கோப்பே இல்லை என்று கம்பைலர் கைவிரித்தது.

“அண்ணா, நான் ஒண்ணையும் தொடலை.”

“தொடாமலே கெட்டுப்போகுமா?” என்று லேபில் அத்தனை பேர் முன்னிலையிலும் கேட்டேன். அவன் முகம் சுண்டிப் போயிற்று. அதன்பின் என்னிடம் எதுவும் கேட்க வரவில்லை.

ஒரு வாரம் சென்று எனக்கே மைனஸ் ஜி தேவைப்பட்டது. அதே கட்டளை, அதே பிழை. கட்டளை வரியில் கொடுக்கும் மதிப்பு மேக்ஃபைலில் எழுதியதைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் அமர்ந்துகொள்ளும். என் மைனஸ் ஐயும் அதோடு போயிருந்தது. குனூ நிரலாக்க நெறிகளைப் புரட்டினேன். சிஃபிளாக்ஸ் பயன்படுத்துவோருக்கு உரியது, கம்பைல் ஆவதற்கு இன்றியமையாததை அதில் வைக்கலாகாது என்று தெளிவாகவே இருந்தது. ப்ரீப்ராசஸருக்கான சிபிபிஃபிளாக்ஸும் அவ்வாறே பிறர் சொத்து.

ஆகவே என் தேவைகளுக்குத் தனி மாறி ஒன்று வைத்தேன். கட்டளையில் என்னுடையது முன்னே, பயனருடையது பின்னே. மைனஸ் ஓ இரண்டு வந்தால் கடைசியில் வருவதே செல்லும். எனவே அவர் விருப்பம் நிற்கும். மைனஸ் ஐயிலோ முதலில் சொன்ன டைரக்டரியே முதலில் தேடப்படும். எனவே என் ஹெடர்களும் தப்பும். ஒரே வரிசை இரண்டுக்கும் பொருந்தியது எனக்கு வியப்பாயிருந்தது.

என் பிழையாவது சத்தம் போட்டது. டெபியனில் ஃபார்டிஃபை என்னும் பாதுகாப்பு ஏற்பாடு சிபிபிஃபிளாக்ஸ் வழியாகவே வருகிறது. அந்த மாறியைக் கண்டுகொள்ளாத மேக்ஃபைலிலும் புரோகிராம் நன்றாகவே கம்பைல் ஆகும், பாதுகாப்பு மட்டும் இராது. யாருக்குத் தெரியப் போகிறது?

மறுநாள் அதே லேபில், அதே கூட்டத்தின் முன், தவறு என்னுடையது என்று தம்பியிடம் சொன்னேன்.

“அதை விடுங்கண்ணா” என்று நோட்டை விரித்தான். டீபக்கர் கைகொடுக்காததால் வழிநெடுக பிரிண்ட்எஃப் போட்டே கண்டுபிடித்திருக்கிறான். “நீங்க ஞாயிற்றுக்கிழமைக்கும் அபராதம் போடுறீங்க.”