ரெக்கோடிங் பார் இருந்த கொழும்பு

பஸ்ஸில் வந்தாலும் சரி, ரயிலில் வந்தாலும் சரி, கொழும்புக்கு வருகின்றவர்கள் பெரும்பாலும் முதலில் கால் வைப்பது பெட்டாவில்தான். பெருநாள் துணிக்குப் பிரதான வீதி, பிறகு சம்மாங்கோட்டுப் பள்ளியில் ளுஹர், ஒரு பிளேன்டீ, மீண்டும் பஸ். உங்களில் பலருக்குக் கொழும்பு என்றால் இவ்வளவுதான். அடுத்த முறை வரும்போது கொஞ்சம் நேரம் ஒதுக்கி என்னோடு மருதானைப் பக்கமும் கொம்பனித்தெருப் பக்கமும் ஒரு நடை வாருங்கள். பார்ப்பதற்கு அங்கே எதுவும் இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் உங்களுக்குக் காட்ட விரும்புகின்ற கடைகள் இப்போது இல்லை.

அவற்றுக்கு ரெக்கோடிங் பார் என்று பெயர். 'பார்' என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். அங்கே கிடைத்த ஒரே போதை பாட்டுத்தான். எங்கள் வாப்பாமாருக்கு அதுவே போதுமான குற்றமாகப் பட்டது என்பது வேறு கதை.

இரண்டு பேர் அருகருகே நின்றால் மூன்றாமவர் நுழைய முடியாத கடை. சுவர் முழுக்க இசைத்தட்டு உறைகள். கண்ணாடி மேசைக்குப் பின்னால் ஒரு சுழல்தட்டு, இரண்டு கெசட் டெக், ஒன்றையொன்று பின்னிய வயர்கள். மேசைமேல் எண்ணெய்க் கறை படிந்த ஒரு சி.ஆர். கொப்பி. கடையில் இருக்கின்ற பாட்டெல்லாம் அதில் இலக்கமிட்டு எழுதப்பட்டிருக்கும். நீங்கள் கொப்பியைப் புரட்டி, வேண்டிய பாட்டுகளை ஒரு தாளில் எழுதி, வெற்றுக் கெசட்டோடு கொடுக்க வேண்டும். 'சீ-60' என்றால் ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம், 'சீ-90' என்றால் 45. பக்கம் முடிகிற இடத்தில் பாட்டு பாதியில் அறுந்துபோகாமல் கூட்டிக் கழித்துப் பட்டியல் போடுவது ஒரு கணக்கு. எங்களில் சிலர் பள்ளிக்கூடக் கணக்கை விட அதைத்தான் சரியாகச் செய்தோம்.

இரண்டு மூன்று நாள் கழித்துப் போனால் கெசட் தயாராக இருக்கும். ஆனால் அந்த இரண்டு மூன்று நாளும் நாங்கள் கடைக்குப் போகாமல் இருந்ததில்லை. வேறொருவருடைய பட்டியல் பதிவாகிக்கொண்டிருக்கும். அதைக் கேட்பதற்குக் காசு இல்லை. உங்களுக்குப் பிடிக்காத பாட்டையும் நின்று கேட்க வேண்டும். கிளிஃப் ரிச்சர்டுக்காக வந்த பறங்கிப் பையன் டி.எம். சௌந்தரராஜனைக் கேட்டான். தமிழ்ப் பாட்டுக்காக வந்த நாங்கள் கிளாரன்ஸ் விஜேவர்தனவைக் கேட்டோம். முஹம்மது ரஃபி வந்தால் எல்லோருமே வாயை மூடிக்கொண்டோம். மொழி தெரியாதவன் தெரிந்தவனிடம் அர்த்தம் கேட்பான். அப்படிக் கேட்டுக் கேட்டே நான் சிங்களம் படித்தேன். பள்ளிவாசலில் பாங்கு சொன்னால் முதலாளி நானா சத்தத்தை அடியோடு இறக்கிவிடுவார். பதிவு நிற்காது, ஊசி தன் பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும்.

கொழும்புக்குப் பாட்டு இந்தக் கடைகளோடு வந்ததல்ல. அதற்கு வெகுகாலம் முன்பே கோட்டையில் இருக்கின்ற சிவப்புக் கட்டிடக்காரரான கார்கில்ஸ் கம்பெனிதான் எச்.எம்.வி. இசைத்தட்டுகளின் முகவர். மருதானையில் 1911இல் திறந்த டவர் ஹோல் அரங்கின் நாடகப் பாட்டுகளும் இசைத்தட்டாயின. அந்நாளைய 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் கொள்ளும். சிங்களத் தட்டுகள் பலவும் கல்கத்தாவின் டம்டம் தொழிற்சாலையில் அச்சாகிக் கப்பலில் வந்தன. அந்தத் தட்டுகளில் நம்மவர் ஒருவரின் குரலும் உண்டு. 1919இல் சேலத்தில் பிறந்து, இளவயதில் கொழும்புக்கு வந்து சேர்ந்த முஹிதீன் பேக், 1991இல் காலமாகும்வரை சிங்களத் திரையின் பெரிய பாடகர்களில் ஒருவராக இருந்தார். வெசாக் காலத்தில் பந்தலுக்குப் பந்தல் ஒலிக்கின்ற பௌத்த பக்திப் பாடல்களில் அவருடையதும் இருக்கும். அவர் ஒரு முஸ்லிம் என்பதை இக்காலப் பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், நம்பமாட்டார்கள்.

தட்டு வாங்க வசதியில்லாத வீடுகளுக்கு வானொலி இருந்தது. டொரிங்டன் சதுக்கத்திலிருந்து வந்த ரேடியோ சிலோனைப் பற்றி இங்கே விரித்தால் இந்த இதழ் போதாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். 1952இல் இந்திய அரசு வானொலி சினிமாப் பாட்டுக்கு ஏறக்குறையக் கதவைச் சாத்தியபோது, அந்தப் பாட்டெல்லாம் கொழும்பிலிருந்துதான் இந்தியாவுக்குப் போயின. அமீன் சயானி பம்பாயில் பேசிப் பதிந்த நாடா விமானத்தில் கொழும்பு வந்து, இங்கிருந்து இந்தியா முழுவதற்கும் ஒலிபரப்பானது. தமிழில் மயில்வாகனன், பின்னர் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத். தபாலட்டையில் குடும்பத்தினர் பெயரெல்லாம் எழுதி நேயர் விருப்பத்துக்கு அனுப்பிவிட்டு, பெயர் வாசிக்கப்படுகிறதா என்று மூச்சைப் பிடித்துக் காத்திருந்தவர்கள் உங்களில் நிச்சயம் இருப்பீர்கள். பாட்டு வந்ததோ இல்லையோ, பெயர் வந்தால் போதும்.

வானொலியில் வந்த பாட்டு காற்றோடு போய்விடும். அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஆசைதான் ரெக்கோடிங் பாரை வளர்த்தது. 1970க்கும் 1977க்கும் இடையில் இறக்குமதி இறுக்கிப் பிடிக்கப்பட்டிருந்த காலத்தில் வெளிநாட்டுத் தட்டு ஒன்று கடைக்கு வந்தால் அது ஊரறிந்த செய்தி. ஒரு விதத்தில் அதுவும் நல்லதாய்ப் போயிற்று என்பேன். வெளியிலிருந்து வராததால் உள்ளூரில் பாடினார்கள். ஜெரால்ட் விக்கிரமசூரியவின் 'சூரியா' தட்டுகள், கிட்டார் ஏந்திய சிங்கள இளைஞர் குழுக்கள், அவற்றோடு தமிழ்ப் பொப் பாடல்கள். நித்தி கனகரத்தினமும், 2018இல் மறைந்த ஏ.ஈ. மனோகரனும் பாடியவை மேல்நாட்டு மெட்டுமில்லை, இந்தியச் சினிமா மெட்டுமில்லை. நம்முடைய தமிழில், நம்முடைய கேலியோடு இருந்தன. பெல்பொட்டம் காற்சட்டையும் காதை மூடிய தலைமுடியுமாகக் காலிமுகத்திடலில் உட்கார்ந்து அவற்றைப் பாடினோம். தாளத்துக்குத் தீப்பெட்டி போதும்.

1977இல் பொருளாதாரம் திறந்ததும் கதை மாறியது. ஜப்பான் ரேடியோ கெசட்டுகள் கப்பல் கப்பலாக வந்தன. மத்திய கிழக்குக்குப் போனவர்களும் ஆளுக்கொன்றைத் தோளில் சுமந்துவந்தார்கள். சந்திக்குச் சந்தி ரெக்கோடிங் பார் முளைத்தது அப்போதுதான். இதில் ஒளிவுமறைவு எதற்கு? அங்கே பதிந்து விற்ற பாட்டுகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்குப் பாடியவருக்கோ எழுதியவருக்கோ ஒரு சதமும் போய்ச் சேரவில்லை. நாங்கள் யாரும் அதை யோசித்ததுமில்லை. அந்தக் காலத்துக் கலைஞர்கள் பலர் வயதான காலத்தில் பட்ட கஷ்டத்தைப் பத்திரிகையில் வாசிக்கும்போது அது நெஞ்சில் உறுத்தத்தான் செய்கிறது.

கடைக்கு வந்ததெல்லாம் ஆண் பிள்ளைகள். அதனால் கேட்டதும் அவர்கள்தான் என்று எண்ணிவிடாதீர்கள். எங்கள் கையில் இருந்த பட்டியல்களில் பாதி ராத்தாமாருடையவை, மச்சிமாருடையவை. எனது ராத்தா பாட்டின் முதல் வரியை எழுதமாட்டா. படத்தின் பெயர், பாடியவர், இசையமைத்தவர் என்று வரிசையாக எழுதுவா. பாட்டின் வரியை எழுதினால் வழியில் யாராவது பார்த்துவிட்டுத் தப்பாக எண்ணிவிடுவார்களாம்! முதலாளி நானா அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "இது உங்கட செலக்‌ஷன் இல்லையே தம்பி" என்பார். கடைக்குள் ஒருநாளும் காலடி வைக்காத அவவுடைய ரசனையை அவர் அறிந்து வைத்திருந்தார். புதிய தட்டு வந்தால், "ராத்தாட்ட சொல்லுங்க" என்று சேதி அனுப்புவார்.

கொம்பனித்தெருவுக்குப் போனால் றியோ திரையரங்கு இருந்த இடத்தைக் கேளுங்கள். 1965இல் திறந்த அந்தப் பெரிய கட்டிடத்துக்கு 1983 ஜூலையில் தீ வைத்தார்கள். அதே நாட்களில் பெட்டாவிலும் வெள்ளவத்தையிலும் தமிழருடைய கடைகள் வரிசை வரிசையாக எரிந்தன. ஹெந்தளையில் விஜயா ஸ்டூடியோ எரிந்தபோது சிங்களத் திரைப்படங்களின் மூலப் பிரதிகளும் சாம்பலாயின. எரித்தவர்களுடைய மொழிப் பாட்டும் அதில் போயிற்று. நான் வழக்கமாகப் போகும் ரெக்கோடிங் பார் ஒன்றும் ஒரு தமிழருடையது. அது மறுபடி திறக்கவில்லை. அவர் எங்கே போனார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சி.ஆர். கொப்பியில் அவருடைய கையெழுத்து மட்டும் இன்னும் கண்ணில் நிற்கிறது. 'ழ'வை அவ்வளவு அழகாக எழுதுவார்.

மிஞ்சிய கடைகளுக்கு அதன்பின் இன்னொரு தொழிலும் சேர்ந்தது. சவூதிக்கும் குவைத்துக்கும் போனவர்கள் கடிதத்துக்குப் பதிலாகக் கெசட்டில் பேசி அனுப்பத் தொடங்கினார்கள். ஊருக்கு வருகிற யாராவது கொண்டுவந்து தருவார்கள். எழுத வாசிக்கத் தெரியாத உம்மாவுக்கும் அது போதும், யாரிடமும் கொடுத்து வாசிக்கச் சொல்லத் தேவையில்லை. வீட்டில் டேப் ரெக்கோடர் இல்லாதவர்கள் ரெக்கோடிங் பாருக்கு வந்தார்கள். எங்கள் தெருவில் ஒரு நானா, அப்படி யாராவது வந்தால் பாட்டை நிறுத்திவிட்டு, ஹெட்ஃபோனை அந்தப் பெண்ணின் முந்தானைக்கு மேலாலேயே மாட்டிவிட்டு, தான் வெளியே போய் நின்றுகொள்வார். பதில் பேசிப் பதியவும் இடம் கொடுப்பார். அதற்குக் காசு வாங்கியதை நான் பார்த்ததில்லை.

கடைகள் ஒரே நாளில் மூடப்படவில்லை. 1982இல் ரூபவாஹினி வந்தது, மாலை நேரம் அதற்குப் போனது. பாட்டுக் கடை வீடியோக் கடையானது. 1990களில் சீடி வந்தது. 1998இல் சூரியன் எஃப்.எம். போன்ற தனியார் வானொலிகள் நாள் முழுக்கப் பாட்டைக் கொட்டின. பிறகு செல்போன். ஒரு நகக்கண் அளவுச் சில்லில் ஆயிரம் பாட்டு ஏற்றித் தருகிற கடைகள் சில காலம் இருந்தன. அவற்றுக்கும் பட்டியல் தேவைப்படவில்லை, மொத்தமாக ஏற்றிவிடுவார்கள். சுழல்தட்டு இருந்த இடத்தில் செல்போன் உறைகள் தொங்கின.

ஆனால் கெசட்டுகள் போகவில்லை. உங்கள் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில், பழைய பிஸ்கட் டின் ஒன்றில் இன்னும் இருக்கின்றன. எடுத்துப் பாருங்கள். பாட்டு எங்கேயும் கிடைக்கும், அதை விடுங்கள். பேசிய கெசட் ஏதாவது இருக்கிறதா? நம்முடைய வெக்கையும் ஈரமும் நாடாவுக்குப் பகை. கண்ணாடி வழியே பார்க்கும்போது நாடாவின் விளிம்பில் வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் போட்டுப் பார்க்காதீர்கள். இயந்திரத்தையும் கெடுத்து, அடுத்துப் போடும் கெசட்டையும் கெடுக்கும். பூஞ்சணம் இல்லாவிட்டால், முதலில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை சுற்றித் திரும்பச் சுற்றுங்கள். நாடாவை அழுத்துகின்ற சின்னஞ்சிறு பஞ்சு விழுந்திருந்தால், திருகாணி போட்ட வேறொரு கெசட்டின் கூட்டுக்குள் சுருளை மாற்றிக்கொள்ளலாம். டேப் ரெக்கோடரின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து கணினிக்கு ஒரு வயர், 'ஓடாசிட்டி' என்ற இலவச மென்பொருள், அவ்வளவுதான் தேவை. ஒரு மணி நேரக் கெசட்டுக்கு ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். அதில் மட்டும் குறுக்குவழி இல்லை.

இன்னொன்றையும் பாருங்கள். கெசட்டின் பின்விளிம்பில் இரண்டு சிறு பிளாஸ்டிக் இதழ்கள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் மேலே வேறு எதையும் பதிய முடியாது. விஷயம் தெரிந்தவர்கள் உடைத்து வைத்தார்கள். தெரியாத வீடுகளில் பிள்ளைகள் அதே கெசட்டைக் கொண்டுபோய்ப் பாட்டுப் பதிந்தார்கள்.

மாளிகாவத்தையில் எங்களுக்குத் தெரிந்த ஒரு மாமியின் வீட்டில் அப்படி ஒரு கெசட் கிடைத்தது. ஒட்டிய தாளில் மாமியே அரபுத்தமிழில் ஏதோ எழுதியிருந்தார். பேரப்பிள்ளைகளுக்கு அதை வாசிக்கத் தெரியவில்லை. மகன் வயரை மாட்டி ஓடவிட்டார். 1984இல் ரியாதிலிருந்து மாமா பேசுகிறார். ஸலாம் சொல்லி, ஒவ்வொருவர் பெயராகச் சுகம் விசாரித்து, வீட்டுக் கூரைக்கு அனுப்பிய காசைப் பற்றிச் சொல்லத் தொடங்குகிறார். நடுவில் 'டக்' என்று ஒரு சத்தம். அதன்பின் சினிமாப் பாட்டு. பையனாக இருந்தபோது அதைப் பதிந்தவர் அந்த மகன்தான். அவர் எழுந்து நிறுத்தப் போனார்.

"நிப்பாட்டாதீங்க மகன்" என்றார் மாமி. "அந்தப் பாட்டு வாப்பாக்கும் விருப்பம்தான். ஓடட்டும்."