சுண்ணாம்பு தடவாத பானை

நான் முதன்முதலில் பீர் காய்ச்சியது இங்கிலாந்தில். படிக்கப் போயிருந்தேன். நாலு பெண்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில், சாம்பார் வைக்கிற அதே பெரிய பாத்திரத்தில் காய்ச்சினோம். கற்றுக்கொடுத்தவள் கூடத் தங்கியிருந்த ஒரு தோழி. வெயில்காலம் வருகிறது, லேசாக ஒன்று போடலாம் என்றாள்.

முளைகட்டிய பார்லியிலிருந்து எடுத்த மால்ட் பொடி ஒரு கிலோ, தண்ணீர் 10 லிட்டர். கொதி வந்ததும் 20 கிராம் ஹாப்ஸ் பூவைப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். அடுப்பை அணைக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது தட்டிய இஞ்சி 50 கிராம், இரண்டு எலுமிச்சையின் மஞ்சள் தோல். இஞ்சி என் யோசனை. பிறகு பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் வைத்து ஆற்றி, கழுவிச் சுத்தம் செய்த வாளியில் ஊற்றி, ஈஸ்ட்டைத் தூவி மூடிவைத்தோம். 18, 20 டிகிரியில் இரண்டு வாரம். அப்புறம் 60 கிராம் சர்க்கரை கலந்து பாட்டிலில் அடைத்து இன்னும் இரண்டு வாரம். அந்தச் சர்க்கரையைத் தின்றுதான் ஈஸ்ட் நுரையை உண்டாக்குகிறது. எங்களுக்குக் கிடைத்தது பதினெட்டு பாட்டில். சாராயச் சத்து மூன்றரை சதவீதம் போல இருக்கும். நம் ஊர்க் கடைகளில் ஸ்ட்ராங் என்று விற்பதில் பாதிகூட இல்லை.

அந்த நாட்டில் 1963 வரை வீட்டில் பீர் காய்ச்ச உரிமம் வாங்க வேண்டியிருந்ததாம். அதற்கும் சில நூற்றாண்டுகள் முன்னால் காய்ச்சியது பெரும்பாலும் பெண்கள்தான். ஜூடித் பென்னட் என்ற வரலாற்றாசிரியர் இதைப் பற்றி 1996இல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். ஹாப்ஸ் சேர்க்காத பழைய ஏல் சில நாளில் புளித்துவிடும். அதனால் வீட்டுக்கு வேண்டியதைக் காய்ச்சி, மிஞ்சியதைப் பெண்கள் அக்கம்பக்கத்தில் விற்றார்கள். ஹாப்ஸ் வந்ததும் சரக்கு கெடாமல் நின்றது. பெரிய அண்டா, பீப்பாய், கடன், வண்டி, சங்கம் எல்லாம் தேவைப்பட்டன. அவை ஆண்களிடம் இருந்தன. தொழிலும் அவர்களிடம் போனது. எனக்கு இட்லி ஞாபகம் வந்தது. வீட்டில் சுட்டால் அம்மா, ஓட்டலில் சுட்டால் மாஸ்டர்.

நம் பக்கமும் கதை வேறில்லை. பெரும்பாணாற்றுப்படையில் வீட்டில் ஆக்கிய நெற்கள்ளுக்கு இல்லடுகள் என்றே பெயர் இருக்கிறது. குத்தாத அரிசியைக் களியாகத் துழாவி, அகலமான தட்டில் ஆற்றி, முளை சேர்த்துப் பிசைந்து, இரண்டு பகல் இரண்டு இரவு சாடியில் விட்டு, விரலால் அலைத்து வடிகட்டுகிறார்கள். படித்தபோது சிரித்துவிட்டேன். எங்கள் வாளியில் நடந்ததும் கிட்டத்தட்ட அதுதான். சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்துக் கடற்கரையில் அலை கொண்டுவந்து போட்ட மணக்கும் விறகை எரித்து ஒரு நுளையர் பெண் தேறலை அரிக்கிறாள். எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம்தான் என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். புதுச்சேரியிலிருந்து வடக்கே போகும் பஸ்ஸில் ஒரு மணி நேரம்.

அதே மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் 2023 மே மாதம் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். இந்தச் செய்தியை ஒதுக்கி வைத்துவிட்டு அந்த நுளையர் பெண்ணைப் பற்றி மட்டும் பெருமை பேச எனக்கு வாய் வரவில்லை.

ஏனென்றால் நான் சாராயக்கடைக்கு எதிர்த்தெருவில் வளர்ந்தவள். பாகூர் கொம்யூனில் எங்கள் ஊர். எங்கள் வயல் வரப்பில் நடந்தால் கொஞ்ச தூரத்தில் கடலூர் மாவட்டம் வந்துவிடும். தமிழ்நாட்டில் 1987லிருந்து கள்ளுக்குத் தடை. எங்கள் பக்கம் கள்ளும் உண்டு, சாராயமும் உண்டு. சாயங்காலமானால் வரப்பு வழியாகவே ஆட்கள் வருவார்கள். அப்பாவுக்கு அந்த நடையும் தேவையில்லை, தெருவைக் கடந்தால் போதும். அம்மாவின் தோடு, ரேஷன் அரிசி, என் பள்ளிக்கூட ஃபீஸ், எல்லாம் அந்தத் தெருவைக் கடந்து போயிருக்கின்றன. அடியைப் பற்றி எழுத மாட்டேன், அது அம்மா சொல்ல வேண்டியது.

1992இல் நெல்லூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பெண்கள், எழுத்தறிவு வகுப்பில் படித்த ஒரு பாடத்திலிருந்து தொடங்கிச் சாராயக்கடைகளை மூடவைத்ததைக் கல்லூரியில் படித்தேன். அம்மாவிடம் சொன்னேன். "நம்ம ஊர்ல கடையை மூடுனா கவர்மெண்டுக்கு இன்னா வருமானம்?" என்றாள். கேலியா கேள்வியா என்று இன்றுவரை தெரியவில்லை.

இங்கிலாந்தில் முதல் பாட்டிலைத் திறந்து குடித்தபோது எனக்குப் பிடித்திருந்தது. அதுதான் சங்கடம். மொட்டைமாடியில் தோழிகளோடு, யாருக்கும் பயப்படாமல், நானே காய்ச்சியதை நானே குடிக்கிறேன். அதே வேளையில் தொண்டையில் அப்பாவின் சட்டை வாசனை. அம்மாவுக்கு போன் பண்ணும்போது இதைச் சொன்னதே இல்லை.

படிப்பு முடிந்து ஊருக்கு வந்தேன். சித்திரை வெயில். இங்கே பீர் போட முடியாது. 1970ஆம் ஆண்டுக் கலால் சட்டம் உரிமம் இல்லாமல் காய்ச்ச விடாது. சட்டம் விட்டாலும் வெயில் விடாது. 35 டிகிரிக்கு மேல் போனால் அந்த ஈஸ்ட் தலைவலி தரும் சரக்கைத்தான் உண்டாக்கும். அதனால் இஞ்சித் தண்ணீரோடு நின்றுகொண்டேன். துருவிய இஞ்சியும் சர்க்கரையும் தண்ணீரில் போட்டுத் தினமும் ஒரு ஸ்பூன் இரண்டையும் சேர்த்துக்கொண்டே வந்தால், நம் வெயிலுக்கு நாலாம் நாள் பொங்கத் தொடங்கும். அதில் கொஞ்சம் எடுத்து, இஞ்சியும் வெல்லமும் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் இரண்டு லிட்டரில் கலந்து, எலுமிச்சை பிழிந்து, பிளாஸ்டிக் பாட்டிலில் ஒரே நாள். பாட்டில் கல்போல இறுகியதும் ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். கண்ணாடி பாட்டில் வேண்டாம், வெடித்தால் கண் போய்விடும்.

நாலாம் நாள் காலை எழுந்து பார்த்தால் ஜாடி கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

"ஏம்மா கொட்டினே?"

"இன்னாடி அது நாத்தம்? இந்த வாசனை என் வீட்ல திரும்ப வரக்கூடாது."

இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம், முறத்தில் உளுந்தைப் புடைத்துக்கொண்டே அவளாகச் சொன்னாள். ஆயா குடும்பம் மரமேறிக் குடும்பம். தாத்தா ஏறுவார். இறக்கியதைக் காய்ச்சி வெல்லமாக்குவது ஆயா வேலை. நாள் முழுக்க அடுப்புப் புகை, பனை ஓலை, கிண்டுகிற கை. பானைக்குள் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் பதநீர், தடவாமல் கட்டினால் கள். அந்தச் சுண்ணாம்பைத் தடவிக் கொடுத்ததும் ஆயாதான். எந்தப் பானைக்குத் தடவுவது என்பதை மட்டும் தாத்தா சொல்வார்.

"ஆயா கள்ளு குடிக்குமா?"

"பிள்ளை பெத்த ஒடம்புக்கு நல்லதுன்னு ஒரு சொம்பு குடுப்பாங்க. அது கேட்டுக் குடிச்சுதான்னு யாரு கண்டா." கொஞ்ச நேரம் புடைத்தாள். "ஒரு தடவை ஒரு பானைக்கு மேல எல்லாத்துக்கும் சுண்ணாம்பு தடவிட்டுது. அன்னிக்கு விக்கறதுக்குக் கள்ளே இல்ல. தாத்தா பானையெல்லாம் ஒடச்சாரு."

ஏன் அப்படிச் செய்தாள் என்று கேட்டேன். அம்மாவுக்குத் தெரியவில்லை. அவளுக்கு அப்போது ஏழு வயது.

மறுபடியும் இஞ்சி துருவினேன். இந்த முறை கொட்டவில்லை. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துத் திறந்ததும் புஸ்ஸென்ற சத்தத்துக்கு அம்மா ஓர் அடி பின்னால் போனாள். டம்ளரை மூக்குக்கிட்டே வைத்துப் பார்த்து, ஒரு வாய் குடித்தாள்.

"உப்பு பத்தல. இதுல அது இல்லியே?"

பொய் சொல்ல நினைத்தேன். "கொஞ்சூண்டு இருக்கும்மா. புளிச்சா வரத்தான் செய்யும். பழையதுலயும் துளி இருக்கும்."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு தொடவில்லை.

மறுநாள் காலை பழைய சோற்றைப் பிசைந்து, நீராகாரத்தைச் சொம்பில் வடித்துக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இதுலயுமா?"