தடம் உண்டு, சாலை இல்லை

மங்கோலியாவின் தலன்சத்கத் ஊரைவிட்டு மேற்கே புறப்பட்டால் கொஞ்ச நேரத்தில் தார் முடிந்துவிடும். அதற்கப்பால் கோபிப் பாலைவனத்தில் சாலை கிடையாது, தடங்கள்தான். அதுவும் ஒன்றல்ல, பத்து, பன்னிரண்டு என்று ஒன்றையொட்டி ஒன்றாக ஓடுகின்றன. ஒரு தடம் பள்ளம் விழுந்து அலையலையாகிவிட்டால், வண்டியோட்டிகள் பக்கத்திலேயே புதிதாக ஒன்று போட்டுக்கொள்கிறார்கள். அதுவும் கெட்டுப்போனால் இன்னொன்று. ஆண்டுக்கணக்கில் இப்படியே அகன்றுபோய், சில இடங்களில் சமவெளியில் பெரும்பகுதி சக்கரத்தடமாகவே கிடக்கிறது. அவற்றில் ஏதோ ஒன்று சத்தமில்லாமல் விலகி வேறோர் ஊருக்குப் போய்விடும். வேறொன்று யாரோ ஒரு மேய்ப்பரின் பனிக்காலக் கொட்டிலில் போய் நின்றுவிடும். விலகும்போது தெரியாது. வெகுதூரம் போன பிறகு, இடப்பக்கம் இருக்கவேண்டிய மலை வலப்பக்கம் நிற்கும்போதுதான் தெரியும்.

அந்த இடத்தில் என் மடியிலிருந்த டேப்லெட் காட்டியது ஒரே ஒரு கோடு.

எட்டு அங்குலத் திரை, விலை பத்தாயிரம் ரூபாய்க்கும் கீழே. வீட்டில் குழந்தைகள் கார்ட்டூன் பார்க்க வாங்கித் தருகிற ரகம். மங்கோலியா போகிறேன் என்றதும் காட்டுவழிப் பயணத்துக்கென்றே விற்கிற கருவிகளின் படங்களை நண்பர்கள் அனுப்பத் தொடங்கினார்கள். விலையைப் பார்த்துவிட்டு மூடிவைத்தேன். எனக்கு வேண்டியிருந்தவை இரண்டே இரண்டு: ஜி.பி.எஸ். சில்லு, ஒரு நாட்டின் வரைபடத்தை முழுசாக உள்ளே வைத்துக்கொள்ள இடம்.

முதலாவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வைஃபை மட்டும் உள்ள டேப்லெட்டுகள் பலவற்றில் ஜி.பி.எஸ். சில்லே இருக்காது. விலை கூடினால் இருக்கும் என்றும் இல்லை. ஆப்பிளின் வைஃபை ஐபேடில்கூடக் கிடையாது. ஊருக்குள் இருக்கும்வரை இந்தக் குறை வெளியே வராது. சுற்றுவட்டாரத்து வைஃபை கருவிகளைக் கொண்டே நாம் நிற்கும் தெருவை அது ஊகித்துவிடும். பாலைவனத்தில் ஊகிக்க ஒன்றும் இல்லை. சிம் போடும் வசதியுள்ள மாடல்களில் பொதுவாகச் சில்லு இருக்கும். உள்ளே சிம் போடாவிட்டாலும் அது வேலை செய்யும்.

ஜி.பி.எஸ்.ஸுக்கு இணையம் வேண்டும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். வேண்டாம். ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் நேரத்தையும் தாங்கள் இருக்கும் இடத்தையும் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கின்றன. டேப்லெட் அதைக் கேட்கிறது, அவ்வளவுதான். திரும்ப எதையும் அனுப்புவதில்லை. நாலு கோள்களின் குரல் கேட்டால் கணக்குப் போட்டுத் தன் இடத்தைக் கண்டுகொள்ளும். அந்தக் கோள்களில் உள்ள கடிகாரங்கள், ஐன்ஸ்டைன் சொன்ன காரணங்களால், தரையில் உள்ளவற்றைவிட நாளொன்றுக்கு 38 மைக்ரோ நொடி வேகமாக ஓடுகின்றன. அதைச் சரிசெய்யாமல் விட்டால் ஒரே நாளில் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் பிழை சேர்ந்துவிடும். கார்ட்டூன் பார்க்கும் கருவிக்குள் இத்தனையும் நடக்கிறது!

இணையம் உதவுவது ஒன்றில்தான். எந்தக் கோள் எங்கே இருக்கிறது என்ற விவரத்தை நகரத்தில் அது நொடியில் இறக்கித் தந்துவிடும். கோபியில் அதைக் கோளிடமிருந்தே வாங்கவேண்டும். நொடிக்கு 50 பிட் என்ற ஆமை வேகத்தில் வரும். அதனால் காலையில் வண்டி கிளம்பும் முன்பே டேப்லெட்டைத் திறந்தவெளியில் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போவது என் வழக்கமாயிற்று. மங்கோலியர்களின் தேநீரில் பாலும் உப்பும் உண்டு, சர்க்கரை கிடையாது. அதற்குப் பழக டேப்லெட்டைவிட எனக்குத்தான் அதிக நேரம் பிடித்தது.

நாட்டின் அளவைச் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டைப்போலப் பன்னிரண்டு மடங்கு பரப்பு. மக்கள் சுமார் 35 லட்சம் பேர். அதிலும் ஏறக்குறையப் பாதிப்பேர் தலைநகர் உலான்பாதரில் இருக்கிறார்கள். மிச்ச நிலத்தில், பருவத்துக்கொரு இடமாகக் கூடாரத்தைப் பெயர்த்துக்கொண்டு போகிறவர்களுக்கு முகவரி என்று எதை எழுதுவது? அதனால்தான் 2016-இல் மங்கோலிய அஞ்சல் துறை, பூமியை மூன்று மீட்டர்ச் சதுரங்களாக வெட்டி ஒவ்வொன்றுக்கும் மூன்று சொற்களைப் பெயராக வைத்த ஒரு முறையை ஏற்றுக்கொண்டது.

எங்கள் வண்டி ரஷ்யாவில் செய்த உவாஸ். மங்கோலியாவில் அதை ‘ஃபுர்கோன்’ என்கிறார்கள். 1965-லிருந்து வடிவம் பெரிதாக மாறாமல் வந்துகொண்டிருக்கிற வண்டி. எங்கே நின்றாலும் ஒரு ஸ்பானரும் சுத்தியலும் இருந்தால் கிளப்பிவிடலாம். ஓட்டுநர் அறுபதைத் தொட்டவர். எங்களோடு மொழிபெயர்க்க வந்த கல்லூரி மாணவி அவரை அண்ணன் முறை வைத்து ‘அஹ்’ என்று அழைத்தாள். நாங்களும் அப்படியே அழைத்தோம். டேப்லெட்டை அவர் ஒருமுறை பார்த்தார், முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. கண்ணாடிக்குப் பக்கத்தில் அதை ஒட்டிவைக்க நான் கொண்டுபோயிருந்த உறிஞ்சுப் பிடி, முதல் அலைத்தடத்திலேயே கழன்று விழுந்தது. அதுவும் நல்லதுதான். கண்ணாடி வழியே விழும் வெயிலில் இத்தகைய கருவிகள் சூடேறி, 45 டிகிரியை நெருங்கினால் சார்ஜ் ஏற்றுவதை நிறுத்திக்கொள்ளும். மலிவுத் திரையின் வெளிச்சமும் அந்த வெயிலுக்குப் பத்தாது. மடியில், துண்டின் நிழலில், பவர் பேங்கோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

முதலில் போனது யோலின் அம். குர்வன்சைஹான் மலைத்தொடரில் ஒரு குறுகிய பிளவு. வெளியே வெயில் கொளுத்துகிறது. உள்ளே, வெயில் எட்டாத பாறைச் சுவர்களுக்கிடையில், ஓடை உறைந்து பனிக்கட்டியாகக் கிடக்கிறது. முன்பு ஆண்டு முழுவதும் கிடக்குமாம். இப்போதெல்லாம் கோடை முடிவதற்குள் கரைந்துவிடுகிறது. நாங்கள் போனது ஜூன் தொடக்கம் என்பதால் பார்க்கக் கொடுத்துவைத்தது. அங்கே டேப்லெட் தடுமாறியது. தலைக்குமேலே ஒரு கீற்று வானம்தான். கோள்களின் அலைகள் பாறையில் மோதித் திரும்பி, சுற்றிவந்து சேர்கின்றன. திரையிலிருந்த புள்ளி சுவருக்குள் போனது, மலையுச்சியில் ஏறியது, திரும்பி வந்தது. பிளவைவிட்டு வெளியே வந்ததும் தானாகச் சரியாயிற்று.

அங்கிருந்து ஹோங்கோரின் எல்ஸ் மணற்குன்றுகளுக்குப் போகும் வழியில்தான் அந்த ஒற்றைக்கோட்டின் குணம் தெரிந்தது. வரைபடம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து வந்தது. 2004-இல் ஸ்டீவ் கோஸ்ட் என்ற ஆங்கிலேயர் தொடங்கிய திட்டம். யார் வேண்டுமானாலும் வரையலாம், யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். ஆர்கானிக் மேப்ஸ், ஓஸ்மாண்ட் போன்ற செயலிகள் அதைத்தான் உள்ளே வைத்திருக்கின்றன. மொத்த மங்கோலியாவும் ஒரு சினிமாப் படம் அடைக்கும் இடத்தைக்கூட அடைக்கவில்லை. கோபியின் தடங்களில் பல, யாரோ எங்கோ தன் வீட்டு மேசையில் உட்கார்ந்து செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வரைந்தவை. படம் எடுத்த ஆண்டில் அங்கே ஒரு தடம் இருந்தது என்பதற்கு மேல் அந்தக் கோட்டுக்குப் பொருளில்லை. ‘இங்கே திரும்பு, அங்கே திரும்பு’ என்று குரல் கொடுக்கும் வசதியை முதல் நாளே அணைத்துவிட்டேன். எங்கே இருக்கிறோம், மலை எந்தப் பக்கம், அடுத்த கிணறு எவ்வளவு தூரம் என்பதோடு நிறுத்திக்கொண்டால் அது தங்கமான கருவி.

இன்னொன்று. விலை குறைந்த டேப்லெட்டுகள் பலவற்றில் திசைகாட்டிச் சில்லும் இருக்காது. தடம் பிரியும் இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்த்தால், அம்பு தன் போக்கில் எந்தப் பக்கமோ காட்டும். நகர்ந்தால்தான் திசை தெரியும். “கொஞ்சம் முன்னால் எடுங்கள்” என்று நான் சொல்ல, மாணவி மொழிபெயர்க்க, அஹ் சிரித்துக்கொண்டே வண்டியை நகர்த்துவார். அவருக்குத் திசை தெரிய நகரவேண்டியதில்லை. தூரத்தில் வெள்ளையாக ஒரு கெர் தெரிந்தால் போதும். அந்தக் கம்பளிக் கூடாரங்களின் வாசல் எப்போதும் தெற்கு நோக்கியிருக்கும். கூடாரத்தை நெருங்கும்போது, நாயைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் இறங்குவார். கணவாய்களில் கற்களைக் குவித்து நீலத்துணி கட்டிய ஓவோக்கள் உண்டு. நேரமிருந்தால் மூன்று சுற்றுச் சுற்றுவார், இல்லாவிட்டால் ஹாரன் அடித்துவிட்டுப் போவார்.

மலைகளை உருவத்தால் அறிந்திருந்தார். என் வரைபடத்தில் உயரக்கோடுகள் இருந்தன. 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்கலம் 11 நாள் ரேடார் கொண்டு பூமியை அளந்ததன் பயனாக, அத்தகைய விவரங்கள் இன்று எல்லோர் கைக்கும் வந்துவிட்டன. திரையில் சிரில்லிக் எழுத்தில் இருந்த மலைப் பெயரை அவர் கண்ணால் படித்தார், வாயால் சொல்லவில்லை. புனித மலையை அதன் கண்ணெதிரில் பெயர் சொல்லி அழைக்கமாட்டார்கள்; ‘ஹைர்ஹான்’ என்று மரியாதையாகப் பொதுப்பெயரால்தான் சொல்வார்கள். நம்மூரில் பழைய தலைமுறைப் பெண்கள் கணவன் பெயரை வாயால் சொல்லாதது போலத்தான்.

ஹோங்கோரின் எல்ஸ் பற்றி எவ்வளவு சொன்னாலும் குறைதான். நூறு கிலோமீட்டருக்கும் அதிகமாக நீண்டு கிடக்கிற மணற்குன்றுகள். உயர்ந்த இடத்தில் 300 மீட்டர். அடிவாரத்திலேயே ஓர் ஓடை, பச்சைப்புல், அதில் குதிரைகள், இரட்டைத் திமில் ஒட்டகங்கள். புல்லும் மணலும் ஒரே கோட்டில் சந்திப்பதை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. ஏறுவது கொடுமை, ஓரடி வைத்தால் முக்காலடி சரியும். உச்சிக்குப் போய் உட்கார்ந்து சறுக்கினால் குன்று பாடுகிறது. மணிகள் ஒன்றோடொன்று உரசிச் சரியும்போது எழும் அடிவயிற்றுச் சத்தம். காதுக்கு எட்டும் முன்பே தொடையில் அதிர்வு தெரிகிறது. நாங்கள் எல்லோரும், வயதை மறந்து, மறுபடியும் ஏறினோம். உச்சியில் டேப்லெட்டை எடுத்துப் பார்த்தேன். மஞ்சள் நிறம், நடுவில் ஒரு புள்ளி. பெரிதாக்கினாலும் சுருக்கினாலும் அதேதான்.

அடுத்து, பயன்சாக் செம்பாறைகளுக்குப் போகும் வழியில் முந்தைய இரவு மழை பெய்திருந்தது. வரைபடத்துக் கோடு ஒரு களிமண் தரவையை நேராக வெட்டிக்கொண்டு போனது. மேலே காய்ந்து வெடித்து, நல்ல தரையாகத்தான் தெரிந்தது. அஹ் இறங்கிப்போய்க் குதிகாலால் ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். ஓடு உடைந்து உள்ளே கருஞ்சேறு. ஒன்றும் பேசாமல் வண்டியைத் திருப்பி, மலையடிவாரத்துச் சரளையிலேயே சுற்றிக்கொண்டு போனார். கோட்டைவிட்டுப் புள்ளி விலகி விலகிப் போய்க்கொண்டிருந்தது. எந்த வரைபடத்திலும் அந்தச் சேறு வராது.

அன்று பிற்பகலே மற்றொன்றும் நடந்தது. மேற்கிலிருந்து புழுதி கிளம்பிவந்து மலைகளை ஒவ்வொன்றாக மறைத்தது. வண்டியின் மூக்குக்கு முன்னால் ஒன்றுமில்லை. அஹ் வேகத்தைக் குறைத்தார், பிறகு என் பக்கம் கையை நீட்டினார். டேப்லெட்டைக் கொடுத்தேன். கொஞ்சநேரம் பார்த்துவிட்டு மாணவியிடம் ஏதோ சொன்னார். “நாம் போகும் திசை கோட்டோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் நீங்கள் சொல்லிக்கொண்டே வரவேண்டுமாம்,” என்றாள். சொல்லிக்கொண்டே வந்தேன். புழுதி அடங்கியபோது, அவர் எதிர்பார்த்த குன்று எதிர்பார்த்த பக்கத்தில் நின்றது. அதற்குப் பிறகு காலையில் டேப்லெட்டை வெயிலில் வைத்தாயிற்றா என்று அவரே கேட்க ஆரம்பித்தார்.

பயன்சாக்கின் செம்பாறை விளிம்புக்கு அந்தி நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். பாறை முழுக்கத் தீப்பிடித்த நிறம். 1922-இல் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ராய் சாப்மன் ஆண்ட்ரூஸ் இந்தப் பக்கம் மோட்டார் வண்டிகளில் வந்தார். அவற்றுக்கான பெட்ரோலை ஒட்டகங்கள் சுமந்து வந்தன. வழி தப்பிவிட்டது. கூடாரங்களைக் கண்டு வழி விசாரிக்க நிறுத்தியபோது, குழுவின் புகைப்படக்காரர் ஷாக்கல்ஃபோர்டு சும்மா நடந்துபோய் இந்த விளிம்பை எட்டிப் பார்த்தார். கீழே எலும்புகள். மறு ஆண்டு திரும்பிவந்து டைனோசர் முட்டைகளைக் கூடோடு எடுத்தார்கள். வெலாசிராப்டரின் எலும்பு உலகத்துக்குக் கிடைத்ததும் இங்கேதான். ஆண்ட்ரூஸின் மடியில் ஒரு டேப்லெட் இருந்திருந்தால் கோடு பிசகாமல் போயிருப்பார் என்று எனக்குத் தோன்றியது. அஹ்விடம் சொன்னபோது அவர் ஒப்புக்கொள்ளவில்லை. இங்குள்ள மேய்ப்பர்களைக் கேட்டிருந்தால் அவர்களே எலும்பைக் காட்டியிருப்பார்கள் என்றார்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். டேப்லெட் வாங்கும்போது விவரப்பட்டியலில் ஜி.பி.எஸ். என்ற எழுத்துகளைக் கண்ணால் பார்த்துவிட்டு வாங்குங்கள். வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி, ஏர்ப்ளேன் மோடில் போட்டு, உங்கள் ஊருக்கு வெளியே ஒரு வயல்வெளியில் சோதித்துப் பாருங்கள். வந்த தடத்தைப் பதிவுசெய்யும் வசதியை எப்போதும் இயக்கத்திலேயே வையுங்கள். முன்னால் போக முடியாவிட்டால் திரும்பிவர அது ஒன்றுதான் நம்பகமான கோடு. பெரிய பவர் பேங்க் ஒன்றும், அச்சடித்த வரைபடம் ஒன்றும் பையில் இருக்கட்டும். மலிவான டேப்லெட் கோபிக்குத் தாராளமாகப் போதும். அதில் மிச்சமாகும் பணத்தை நல்ல ஓட்டுநருக்குக் கொடுங்கள். அங்கே பேரம் பேசாதீர்கள்.