எங்கள் சிற்றறை

ஆட்டையாம்பட்டி என்றதும் கேட்போர் நாவில் கைமுறுக்கின் சுவையே முதற்கண் ஊறும். ஆயின் அவ்வூர்த் தெருக்களில் நடப்பார் செவிக்குத் தறியோசையும் எட்டும். அவ்வோசை ஒழிந்த வீடுகளுள் எங்கள் வீடும் ஒன்று. பாட்டனார் மறைந்தபின் அவரது குழித்தறியை அகற்றி, குழியை மண்ணிட்டு மூடினர். பத்தடி நீளமும் எட்டடி அகலமுமுள்ள அந்த ஓட்டறை, என் தம்பியர் இருவர்க்கும் தங்கையர் இருவர்க்கும் படுக்கையறையாயிற்று. சென்ற கிறிஸ்மஸ் விடுமுறையில் அதனை அழகு செய்யும் பணி, மூத்தவன் என்னும் முறைமையால், என்பால் வந்தது.

யான் அப்பொழுது நெடுநல்வாடை பயின்றுவந்தேன். நக்கீரர் 188 அடிகளில் பாடிய அப்பாட்டு, உ. வே. சாமிநாதையர் 1889-ஆம் ஆண்டில் பதிப்பித்த பத்துப்பாட்டுள் ஒன்று. அதன்கண் அரசியின் பள்ளியறை விரிவாகப் புனையப்பட்டுள்ளது. செம்பையொத்த சுவர், அதன்மேற் படர்ந்த பூங்கொடி ஓவியம், யானை மருப்பாலியன்ற கட்டில், மேட முதலிய இராசிகளும் உரோகிணியொடு கூடிய திங்களும் எழுதப்பெற்ற விதானம் ஆகிய இவற்றை நெஞ்சிற்கொண்டு வீடு திரும்பிய எனக்கு, எங்கள் அறையின் அழுக்கேறிய சுவர் நாணந் தந்தது.

சுண்ணாம்பிலிருந்து பணியைத் தொடங்கினோம். கற்சுண்ணாம்பைப் பானையிலிட்டு நீர் வார்த்தபொழுது அது கொதித்துப் பொங்கியமையால் சிறுவரைத் தொலைவில் நிறுத்தினேன். மறுநாள் அதனைத் துணியில் வடித்து, சிறிது உப்பும் நீலமும் கலந்து, மட்டையால் இருமுறை பூசினோம். ஈரத்தில் மங்கித் தோன்றிய சுவர், காற்றிலுள்ள கரியமிலவாயுவை ஏற்று உலர உலர வெண்மை பெற்றது. "அண்ணா, சுவர் தானே வெளுக்கிறது!" என்று இளைய தம்பி வியந்தான். தலையெண்ணெயும் கைக்கறையும் தோன்றாதிருத்தற்பொருட்டு, அடியில் மூன்றடி உயரம் காவி தீட்டினோம்.

பின்னர் யான் ஒரு திட்டம் வகுத்தேன். பாய் நான்கு, உடைமைகளை வைக்க முறுக்கு வாங்கிய பழைய தகரடப்பா நான்கு, உடை மாட்ட, தறியின் எஞ்சிய மரத்தைச் சீவிய முளை நான்கு. எல்லாம் ஒரே நேர்வரிசையில் அமையவேண்டும் என்றும், சுவரில் எவரும் எதனையும் ஒட்டலாகாது என்றும் கட்டளையிட்டேன். கிளிப்படம் வேண்டிய தங்கையும் ரயில்வண்டிப் படம் வேண்டிய தம்பியும் முகம் வாடினர். யானோ அதனைப் பொருட்படுத்தவில்லை.

மறுநாட் காலை அறையுட் புகுந்தேன். கைமரங்களிலிருந்து காகித விண்மீன்கள் பல, நெய்து எஞ்சிய நூலில் தொங்கிக்கொண்டிருந்தன. மரவள்ளி மாவுப் பசை புதுச்சுவரில் வழிந்திருந்தது. அன்றியும், நான்கு முளைகளுக்கு அப்பால் ஐந்தாவது முளையொன்று கோணலாக அடிக்கப்பட்டிருந்தது. யான் சினந்து இரைந்தேன். ஐந்து வயதான கடைக்குட்டி அழத்தொடங்கினாள்.

மூத்த தங்கை அவளை அணைத்துக்கொண்டு சொன்னாள்: "அண்ணா, நீங்கள் கல்லூரிக்குப் போனதுமுதல் பாப்பா நடுராத்திரியில் விழித்து அழுகிறாள். உங்கள் பக்கத்திலேயே படுத்துப் பழகியவள் அல்லவா? விண்மீன்களை எண்ணினால் தூக்கம் வரும் என்று நாங்கள்தாம் கட்டினோம்."

"இந்த முளை யாருக்கு?" என்றேன், குரல் தாழ்ந்து.

வாயிலில் நின்ற பாட்டியார், "உனக்குத்தான் சாமி. நாலு பேருக்குக் கணக்குப் போட்டாயே, உன்னை எங்கே விட்டாய்?" என்றார்.

யான் மறுமொழி கூறவில்லை. பரீட்சையின்பொருட்டு யான் மனனஞ் செய்த பாட்டின் பொருள் அக்கணமே எனக்கு விளங்கியது. அவ்வரசி ஓவிய விதானத்தின்கீழ்க் கிடந்தும் கண்ணுறங்கிலள். அவள் தலைவனோ பாசறையில் இருக்கின்றான். அறையின் அழகையெல்லாம் நக்கீரர் அத்துணை விரித்துரைத்தது, உரியவர் இல்லாத இடத்தில் அவ்வழகு உறக்கந் தரமாட்டாது என்று காட்டுதற்கன்றோ? யான் அறையைக் கண்டேன். அதனுள் விழித்திருந்தவளைக் கண்டிலேன்.

அன்று கிளியும் ரயில்வண்டியும் சுவரேறின. இரவு குடும்ப ஜெபம் முடிந்தபின் ஐவரும் நெருங்கிப் படுத்தோம். பாப்பா என் விரலைப் பற்றியவாறு விண்மீன்களை எண்ணத் தொடங்கினாள். பதினொன்றுக்குமேல் அவள் குரல் கேட்கவில்லை.

விடுமுறை முடிந்து புறப்படும்பொழுது, கோணலான அம்முளையில் என் துண்டொன்றை மாட்டிவிட்டு வந்தேன். அது இன்னும் அங்கேயே தொங்குவதாகவும், அதனை எவரும் எடுக்கப் பாப்பா விடுவதில்லையென்றும் தங்கை எழுதியிருக்கின்றாள். இரவில் அழுகின்றாளா என்பதை மட்டும் அவள் எழுதவில்லை. அடுத்த விடுமுறைக்கு இன்னும் நாற்பது நாட்கள் உள்ளன.