தொட்டுப் பார்க்க வேண்டிய கட்டி

எங்கள் பக்கம் "நீர்க்கட்டி" என்று சொன்னால் கல்லூரிப் பெண்கள் மாதவிடாய் தள்ளிப்போகும் பிரச்சினையைத்தான் நினைப்பார்கள். சினைப்பையில் சின்னச் சின்னதாக வரும் அது வேறு. நான் எழுதப்போவது வயிற்றுக்குள் ஒரு பைபோல நீரைச் சேர்த்துக்கொண்டு, வலிகூட இல்லாமல், ஆண்டுக்கணக்கில் வளரும் கட்டியைப் பற்றி. குடலை வயிற்றின் பின்சுவரோடு பிடித்து வைத்திருக்கும் ஒரு மெல்லிய சவ்வு உண்டு. மருத்துவர்கள் அதை மெசென்டரி என்கிறார்கள். அந்தச் சவ்வின் மடிப்பில்தான் எங்கள் அத்தைக்குக் கட்டி வந்தது.

மருத்துவமனையில் சேரும் பெரியவர்களில் லட்சத்தில் ஒருவருக்கு இது வருவதாகப் புத்தகங்கள் சொல்கின்றன. தோழர்களே, அந்தக் கணக்கை இன்னொரு முறை படியுங்கள். மருத்துவமனைவரை வந்து சேர்ந்தவர்களை மட்டும்தான் அதில் எண்ணியிருக்கிறார்கள்.

அத்தை பாகூர் கொம்யூனில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். மாதவிடாய் நின்று பல வருடங்கள் ஆகிவிட்டன. வயிறு மெல்லப் பெருத்தபோது கூட நடவு நட்டவர்கள் முதலில் கேலி பேசினார்கள். பிறகு கேலி நின்று குசுகுசுப்பு தொடங்கியது. ஊர்த்தெருவில் வேறு பேச்சு: குடித்துக் குடித்து வந்த வயிறாம். அத்தை சாராயத்தை வாயில் வைத்ததே இல்லை. காலனி ஆளுக்கு வயிறு பெருத்தால் புதுச்சேரியில் அதற்கு ஒரே காரணம்தான் போலிருக்கிறது.

பக்கத்து ஊரில் ஒரு தனியார் கிளினிக்குக்கு நான்கு முறை போனார். மருத்துவர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டார். கேஸ் மாத்திரை எழுதினார். கடைசி முறை, ஈரல் கெட்டு நீர் கோத்திருக்கும், குடியை நிறுத்து என்றார். அவர் சாதி பார்த்தாரா, நேரம் பார்த்தாரா என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. பரிசோதனைக் கட்டில் அவருக்குப் பின்னாலேயே இருந்தது. அத்தையை அதில் ஒரு தடவைகூடப் படுக்கச் சொல்லவில்லை.

கோரிமேடு ஜிப்மருக்கு நான்தான் அழைத்துப் போனேன். விடியற்காலையில் கிளம்பினால்தான் வரிசையில் முன்னால் நிற்கலாம். அங்கே ஒரு இளம் பெண் மருத்துவர் அத்தையைப் படுக்கவைத்து உள்ளங்கையை வயிற்றில் வைத்தார். இடமும் வலமுமாகத் தள்ளினார். கட்டி நகர்ந்தது. மேலும் கீழுமாகத் தள்ளினார், அசையவில்லை. பிறகு ஒரு விரலை வைத்து இன்னொரு விரலால் தட்டினார். "வவுத்துல பறை அடிக்கிறாங்கம்மா" என்று அத்தை என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பில் விஷயம் இருந்தது. காற்று இருக்கும் இடம் அதிரும், நீர் இருக்கும் இடம் மந்தமாகக் கேட்கும். ஈரல் கெட்டுக் கோத்த நீர் என்றால், படுத்திருக்கும்போது அது விலாப் பக்கங்களில் தங்கும், நடுவயிறு அதிரும். பெரிய கட்டி என்றால் தலைகீழ்: நடுவில் மந்தம், பக்கங்களில் அதிர்வு. இப்படித் தட்டிப் பார்க்கும் முறையை 1761இல் புத்தகமாக எழுதியவர் ஆஸ்திரியாவின் அவுன்புருக்கர், ஒரு சத்திரக்காரரின் மகன். சத்திரத்து மதுப் பீப்பாய்களைத் தட்டி அளவு பார்த்ததில் பிறந்த யோசனை என்று சொல்வார்கள். பக்கவாட்டில் நகரும், மேல்கீழாக நகராது என்ற அடையாளத்துக்கு பிரெஞ்சு அறுவை மருத்துவர் டில்லோவின் பெயர் இருக்கிறது. இந்தக் கட்டியை 1880இல் முதன்முதலாக வெற்றிகரமாக அகற்றியவர் அவர்தான். ஸ்கேன் கருவி எதுவும் இல்லாத காலம். கையை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள்.

அங்கே நின்றபோது எனக்கு அண்ணல் அம்பேத்கரின் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' நினைவுக்கு வந்தது. கத்தியவாரில் தலித் ஆசிரியர் ஒருவரின் மனைவி, பிள்ளை பெற்ற சில நாளில் நோயில் விழுகிறார். மருத்துவர் சேரிக்குள் வர மறுக்கிறார். நோயாளியைச் சேரிக்கு வெளியே கொண்டுவந்தால் பார்ப்பதாக ஒப்புக்கொள்கிறார். வந்தும் தொடவில்லை. தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுக்க, அவர் கணவரிடம் கொடுக்க, கணவர் மனைவிக்கு வைக்கிறார். அதே வழியில் அது திரும்பிப் போகிறது. நிமோனியா என்று சொல்லிவிட்டுப் போகிறார். அந்தப் பெண் இறந்துபோகிறார். அந்த ஆசிரியரின் கடிதம் 1929 டிசம்பரில் 'யங் இந்தியா'வில் வந்தது. தெர்மாமீட்டரையாவது கைமாற்றிக் கொடுக்கலாம். வயிற்றுக் கட்டிக்கு அந்த வழியும் கிடையாது.

அல்ட்ராசவுண்ட் எடுத்தார்கள், பிறகு சி.டி. ஸ்கேன். வீட்டில் நாய் உண்டா, ஆடு வளர்க்கிறீர்களா என்று கேட்டார்கள். எனக்கு முதலில் சுருக்கென்றது. அதற்குக் காரணம் இருக்கிறது: நாய், ஆடு வழியாகப் பரவும் ஹைடாடிட் என்ற புழுக்கட்டியும் ஸ்கேனில் நீர்ப்பையாகத்தான் தெரியும். அதை யோசிக்காமல் ஊசி குத்தி நீர் உள்ளே கசிந்தால் ஒவ்வாமையில் உயிரே போகலாம். சினைப்பைக் கட்டியா என்று அறிய ரத்தப் பரிசோதனையும் செய்தார்கள்.

ஊசி போட்டு நீரை உறிஞ்சிவிட்டால் போதாதா என்று மாமா கேட்டார். போதாது. பை உள்ளே இருந்தால் மறுபடி நீர் சேரும். முழுப் பையையும் உடையாமல் எடுப்பதுதான் வைத்தியம். குடலுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் கட்டியோடு ஒட்டியிருந்தால் ஒரு துண்டுக் குடலையும் சேர்த்து வெட்ட வேண்டிவரும். அத்தைக்கு அப்படி ஆகவில்லை. கட்டி முழுதாக வந்தது. ஒரு தட்டு நிறைய இருந்தது என்று மாமா பார்த்துவிட்டு வந்து கையை விரித்துக் காட்டினார்.

பலரும் கோட்டை விடுவது இதற்குப் பிறகுதான். எடுத்த கட்டியை நுண்ணோக்கியில் பார்த்து எழுதும் பயாப்ஸி அறிக்கை சில நாள் கழித்தே வரும். தையல் பிரித்ததும் வேலைக்குப் போய்விடுகிறவர்கள் அதை வாங்கவே திரும்பி வருவதில்லை. இந்த வகைக் கட்டிகளில் புற்றுநோய் நூற்றில் மூன்றுக்கும் குறைவு என்கிறார்கள். ஆனால் நமக்கு வந்தது எது என்பதை அந்தக் காகிதம்தான் சொல்லும். அத்தையுடையது புற்று இல்லை.

பாகூர் கொம்யூனுக்குள்ளேயே இரண்டு தனியார் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. கோரிமேட்டுக்கும் பஸ் உண்டு. ஆகவே தூரம் என்று சாக்குச் சொல்ல முடியாது. காலனியில் யாருக்காவது வயிறு பெருத்தால், எந்த டாக்டரிடம் போனீர்கள் என்பதோடு நிறுத்தாதீர்கள். "படுக்கவெச்சுத் தொட்டுப் பார்த்தாங்களா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் அடுத்த முறை கூடவே போங்கள், தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், ஸ்கேனுக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். சிவப்பு ரேஷன் அட்டையின் நகல் பையில் இருக்கட்டும்.

அத்தைக்கு அடுத்த ஸ்கேன் ஆறு மாதத்தில். அன்றைக்கு அவருடைய கூலியும் போகும், கூடப் போகிறவரின் கூலியும் போகும். அதனால் வில்லியனூர், பாகூர் மாணவர்கள் சிலர் முறை வைத்துத் துணைக்குப் போகிறார்கள். போன மாதம் ஒரு தம்பி வேறொரு பெரியவரை அழைத்துப் போனான். அவருக்குக் கட்டி இல்லை, உண்மையிலேயே ஈரல் நோயால் கோத்த நீர்தான். அவர் குடிப்பவர்தான். அவரையும் படுக்கவைத்துத் தட்டிப் பார்த்துத்தான் சொன்னார்கள். மருந்து தொடங்கியிருக்கிறார்கள்.